கடைசியாகக் கை வைத்தவர்

புகைந்துகொண்டு ஒரு கார் வந்து நின்றால், "என்ன நடந்தது?" என்றுதான் எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்பார். அத்தான் அப்படிக் கேட்டு நான் கண்டதில்லை. பொனட்டைத் தூக்கி நிறுத்துவார். ஆவி அடங்கும்வரை இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு நிற்பார். பிறகு, கார்க்காரரின் முகத்தைப் பாராமலே கேட்பார்:

"கடைசியா இதில ஆர் கை வைச்சது?"

வந்தவர் ஜெர்மன்காரர் என்றால் அதையே ஜெர்மனில் கேட்பார். அவருடைய ஜெர்மன் முழுவதும் ஓட்டை உடைசல். இந்த ஒரு வசனம் மட்டும் இலக்கணம் பிசகாமல் வரும்.

அவர் என் அக்காவின் கணவர். ஜெர்மனியின் ஹம் நகரத்தின் விளிம்பில், டயர் விற்கும் கடையொன்றின் பின்பக்கம், இரண்டு கார்களைத் தூக்கி நிறுத்தக்கூடிய அளவில் ஒரு கராஜ் வைத்திருந்தார். நான் அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து ஃபோன் எடுத்தேன், டெர்மின், அதாவது வரவேண்டிய நேரம், குறித்துக் கொடுத்தேன், கடிதம் எழுதினேன். குளிர்காலத்தில் அந்தக் கண்ணாடியில் ஆவி படியும். கையால் துடைத்துவிட்டால் அத்தான் தெரிவார். நீலக் கம்பளித் தொப்பி, தோளில் ஒரு பழந்துணி, காருக்குள் பாதி உடம்பு.

சூடு ஏறுகிற கார்கள்தான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவை. எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீர் எந்த இடத்தில் தடைப்படுகிறது என்று கண்டுபிடிப்பது லேசான வேலை இல்லை. எல்லாம் மூடிய குழாய்களுக்குள் நடக்கிறது. கம்ப்யூட்டரைச் செருகினால் அது சூடு அதிகம் என்று சொல்லும். அது கார்க்காரருக்கே தெரியும். அத்தான் தொட்டுப் பார்ப்பார். மேல் ஹோஸ் சுட்டுக் கீழ் ஹோஸ் குளிர்ந்து கிடந்தால் தேர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது ரேடியேட்டர் அடைத்துப்போய்விட்டது. நிற்கும்போது சூடாகி ஓடும்போது ஆறினால் விசிறியைப் பார்க்க வேண்டும். ஊருக்குள் ஒழுங்காக ஓடி ஆட்டோபான் நெடுஞ்சாலையில் மட்டும் கொதித்தால் தண்ணீர் போதிய அளவு சுற்றவில்லை. இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து காதில் விழுந்தவை.

ஃபோனில் என்ன கேட்க வேண்டும் என்றும் அவர்தான் சொல்லித் தந்தார்.

"ஹீட்டர் சூடா வருதோ எண்டு முதல் கேள். குளிர்காத்து வந்தா, தண்ணி சுத்தேல்லை, இல்லாட்டி உள்ளுக்க காத்துப் பிடிச்சிருக்கு. அப்பிடியெண்டால் ஓடவேண்டாம், ட்ரக்கில ஏத்திக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லு. ஓடினால் எஞ்சின் போச்சு."

டோர்ட்முண்டில் டாக்சி ஓட்டும் துருக்கிக்காரர் ஒருவர் ஒருநாள் வந்தார். அவருடைய கார் ஆட்டோபானில் மட்டும் கொதித்தது. வேறு இடங்களில் ரேடியேட்டர், தேர்மோஸ்டாட், விசிறி எல்லாம் மாற்றிவிட்டார்கள். கொதிப்பு நிற்கவில்லை. மனிதர் களைத்துப்போயிருந்தார். அத்தான் அவரை உள்ளே ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு, மிதிக்கச் சொன்னார். "இன்னும். இன்னும். விடாதை." பிறகு என்னைக் கூப்பிட்டார். "இஞ்ச ஓடி வா, வந்து பார்!"

கீழ் ஹோஸ் சப்பையாகிக் கிடந்தது. சிறுபிள்ளைகள் ஜூஸ் பெட்டியை உறிஞ்சி உறிஞ்சி ஒட்டவைப்பார்களே, அப்படி. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது பம்ப் பலமாக இழுக்கிறது. ஹோஸ் மெத்தென்ற மலிவுச் சாமான், உள்ளே அதை விரித்துப்பிடிக்கும் கம்பிச்சுருள் இல்லை. இழுத்த இழுப்பில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை மறித்துவிடுகிறது. மிதிப்பதை நிறுத்தியதும் அது பழையபடி உருண்டையாக எழும்பிக்கொண்டது. நின்ற நிலையில் பார்த்தவர்கள் எல்லாரும் அதை நல்ல ஹோஸ் என்று நினைத்ததில் புதுமை இல்லை.

அந்த நேரத்து அத்தானின் முகம் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. பரிசு கிடைத்த பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம். அது கொஞ்ச நேரம்தான். பிறகு வாய் ஒருபக்கம் கோணியது.

"ஆர் உந்த ஹோஸைப் போட்டது? ஃபோன் எடு அவனுக்கு."

இதுதான் எனக்குப் பிடிக்காத வேலை. பிழை விட்ட கராஜுக்கு நான் ஃபோன் எடுக்க வேண்டும். அவர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லச்சொல்ல நான் ஜெர்மனில் சொல்ல வேண்டும். "உங்களுக்குத் தொழில் தெரியாதெண்டால் இழுத்து மூடுங்கோ எண்டு சொல்லு." நான், "ஒருமுறை பார்த்துக்கொள்ள முடியுமா" என்று சொல்வேன். என் குரலை வைத்தே நான் மாற்றிச் சொல்வதைக் கண்டுபிடித்துவிடுவார். "நான் சொன்னதை அப்பிடியே சொல்லு."

கழற்றிய சாமான்களை எறிவதும் இல்லை. சுவர் ஓரத்தில் ஒரு தட்டு. வெடித்த பம்ப், ஒட்டிய ஹோஸ், உடைந்த மூடி எல்லாம் அங்கே வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒட்டுத்தாள் ஒட்டி, பிழை விட்ட கராஜின் பேரை மார்க்கரால் எழுதி வைப்பார். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

அந்த ஹோஸைப் போட்ட கராஜின் மைஸ்டர், அங்கே தலைமை மெக்கானிக், அடுத்தநாள் காலை தானே நேரில் வந்தார். தலை நரைத்த, பெரிய மீசை வைத்த மனிதர். கையில் கம்பிச்சுருள் வைத்த சரியான ஹோஸ் ஒன்று. அத்தானுக்கு நேரே போய், "அது என் பிழை. இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கண்டுபிடித்ததற்கு நன்றி" என்று ஜெர்மனில் சொல்லிக் கையை நீட்டினார். அத்தான் திகைத்துப்போனார். சண்டைக்குத் தயாராக நின்றவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் எண்ணெய் இருக்கிறது என்று சைகை காட்டிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பல நாள் சாப்பாட்டு மேசையில் அதுதான் பகிடி. "'என்ர பிழை' எண்டு சொல்லிப்போட்டு நிக்கிறான். மீசை வைச்ச மனிசன். ஒரு வெக்கம் ரோசம் இல்லை."

ஒருநாள் அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள், "சொன்னால் என்ன, வாய் தேஞ்சு போயிடுமோ?"

அத்தான் கையை நிறுத்தினார். அவளைப் பார்த்தார். பிறகு குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இதுக்கு உப்புப் போட்டனீயோ?"

அந்த வீட்டிலும் அதே கேள்விதான். தேத்தண்ணிக் கேத்தில் எரிந்துபோனால், ஜன்னல் சரியாகச் சாத்தப்படாமல் மழை உள்ளே வந்தால், சலவை மெஷினில் சட்டை சாயம் போனால், "கடைசியா ஆர் கை வைச்சது?" பெரும்பாலும் அக்காதான். வேறு யார், வீட்டு வேலை முழுவதும் அவள் தலையில். காலப்போக்கில் அவள் ஒரு தந்திரம் பழகிக்கொண்டாள். எதையும் கடைசியாகத் தொடாமல் விட்டுவிடுவாள். சலவை மெஷினில் உடுப்பைப் போட்டு, பவுடர் போட்டு, "இஞ்சாருங்கோ, போற வழியில அந்த பட்டனை ஒருக்கா அமத்திவிடுங்கோ" என்பாள். முதலில் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். கடைசியாகக் கை வைத்தவர் அத்தான் ஆகிவிடுவார் என்பது பிறகுதான் புரிந்தது.

அவர் கெட்டவர் என்று நான் இங்கே எழுதிவிட்டுப் போனால் அது பொய். நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மொழி படி, மொழி படி என்று நச்சரித்தது அவர்தான். வேலை முடிந்து களைத்து வந்தாலும் பனியில் கார் ஓட்டி என்னை வகுப்புக்குக் கொண்டுபோய் விடுவார், முடியும்வரை வெளியே காரில் இருப்பார். முதல் தடவை நான் பரீட்சையில் தவறிவிட்டேன். அன்றைக்கு அழுதுகொண்டு காரில் ஏறினேன். அவர் இறங்கி நேரே உள்ளே போனார். போய் என் ஆசிரியையுடன் சண்டை பிடித்தார், அந்த அரைகுறை ஜெர்மனில். "இவள் ராத்திரி பகலாப் படிச்சவள். நீ ஒழுங்காப் படிப்பிக்கேல்லை." நான் படித்தது போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் எனக்காக ஒருவர் இப்படிப் போய்ச் சண்டை பிடித்ததில் அன்று மனம் நிறைந்துபோய்விட்டது. தன் வீட்டில் ஒரு பிழை இருப்பதை அவரால் தாங்க முடியாது, அதற்கு வெளியே ஓர் ஆளைப் பிடித்தே ஆகவேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. வெளியே ஆள் கிடைக்காதபோது அது அக்காவிடம் வந்து சேரும்.

அக்கா, வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிப்பாட்டி மருந்து கொடுக்கும் வேலை செய்தாள். அதற்கு ஒரு பழைய சாம்பல் நிறக் கார். அதன் தண்ணீர் பம்ப் ஒழுகத் தொடங்கியதும் அத்தான்தான் மாற்றினார். அன்றைக்குப் பின்னேரம் சொந்தக்காரப் பெண்பிள்ளை ஒன்றின் சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போகவேண்டியிருந்தது. நாங்கள் சீலை உடுத்திக்கொண்டு வந்து காத்திருந்தோம். அவர் அவசர அவசரமாக முடித்துக் கையைக் கழுவினார். பம்ப் மாற்றினால் உள்ளே நின்றுபோன காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஹீட்டரை முழுதாகத் திறந்து, எஞ்சினைச் சூடேற விட்டு, மேலே உள்ள சின்னத் திருகாணியைத் தளர்த்தி, குமிழி நின்று வெறும் தண்ணீர் வரும்வரை காத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். வேறு யாருடைய காருக்கு என்றாலும் நின்றிருப்பார்.

கொஞ்ச நாளில் அக்கா சாப்பாட்டு மேசையில் சொன்னாள், "இஞ்சாருங்கோ, காரில ஹீட்டர் குளிர்காத்துத்தான் அடிக்குது. சூடு காட்டுற ஊசியும் ஏறி ஏறி விழுது."

"நீ பட்டனைச் சரியாத் திருப்பியிருக்க மாட்டாய்."

"திருப்பினனான்."

"அப்ப கொஞ்ச நேரம் ஓடினாப் பிறகு போடு."

நாள் முழுக்க ஃபோனில் நான் மற்றவர்களிடம் கேட்கிற கேள்விக்கு இவள் கேட்காமலே பதில் சொல்லியிருக்கிறாள். அடுத்தநாள் கராஜில் அவரிடம் போனேன்.

"அத்தான், அக்கான்ர காரில காத்துப் பிடிச்சிருக்குமோ? ஹீட்டர் குளிர் எண்டால் ஓட விடாதை எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

அவர் ஸ்பானர் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பம்ப் மாத்தினது நான்."

"ஓம், அதுதான் கேக்கிறன்."

"நான் மாத்தினதெண்டால் அதில பிழை இராது. நீ போய் ஃபோனைப் பார்."

அப்போதுதான் எனக்கு அந்த மனிதர் முழுவதுமாக விளங்கினார். எல்லாக் காருக்கும் கேட்கிற கேள்வியை இந்தக் காருக்கு அவரால் கேட்க முடியவில்லை. கேட்டால் பதில் அவர்தான். அதனால் அந்தக் காரின் பொனட்டை அவர் திறக்கவே இல்லை. அது ஒவ்வொரு நாளும் வீட்டு வாசலில் நின்றது. அவர் அதைத் தாண்டிப் போய் வந்தார்.

வேறு கராஜுக்குக் கொண்டுபோகச் சொல்லி அக்காவிடம் மன்றாடினேன்.

"உனக்கு விசரே? மெக்கானிக்கின்ர பெண்சாதி மற்றவன்ர கராஜில போய் நிண்டால் ஊர் என்ன சொல்லும்? பிறகு வீட்டில இருக்க ஏலாது."

அது ஜனவரி. அக்காவின் மகள் ஆரணிக்குப் பல்லுக்குக் கம்பி போட டோர்ட்முண்டில் டெர்மின். அக்கா அவளை ஏற்றிக்கொண்டு ஆட்டோபானில் போனாள். அத்தானின் ஃபோன் என் மேசையில் கிடந்தது. அடித்தது. அக்கா. நான் எடுத்து, குரல் பதறுவதைக் கேட்டு, ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து கொடுத்தேன். கராஜ் இரைச்சலுக்காக அவருடைய ஃபோனில் சத்தத்தை முழுதாகக் கூட்டி வைத்திருப்பார். அக்கா பேசியது எனக்கும் கேட்டது.

"கார் நிண்டுட்டுது. ஓரமா விட்டிருக்கிறன். புகைக்குது."

"நீ ஊசியைப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். ஏறிச்சுது, பிறகு டக்கெண்டு கீழ விழுந்திட்டுது. சரியாப்போச்சு எண்டு ஓடினன்."

ஊசி விழுந்தது சூடு குறைந்ததால் அல்ல. சூட்டை அளக்கிற முனையைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் காற்று நின்றால் ஊசி பொய் சொல்லும். இது அத்தான் நூறுபேருக்கு விளக்கிச் சொன்ன விஷயம். அவர் முகம் வெளிறியதை நான் கண்டேன். ஆனால் குரல் கோபமாகத்தான் வந்தது.

"இஞ்ச வேலை மலையாக் கிடக்கு, எனக்கு வர ஏலாது. போத்தில்ல தண்ணி இருக்கோ? ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஊத்திப்போட்டு மெல்ல மெல்ல ஓடி வா."

"சுடுதப்பா. ஆவி வருது. இப்ப திறக்கலாமோ?"

"சொன்னதைச் செய்யன். நீ மெக்கானிக்கோ நான் மெக்கானிக்கோ?"

வைத்துவிட்டார். "அத்தான், சூட்டோட திறக்கக்கூடாதெல்லே!" என்று நான் கத்தினேன். அவர் ஏற்கெனவே வெளியே போய்விட்டார். நான் அக்காவுக்குத் திரும்ப எடுத்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மீண்டும் எடுத்தேன். பதில் வந்தபோது அது ஆரணி. அவள் வாயிலிருந்து வந்தது சொல் இல்லை, அலறல்.

மூடியைத் தளர்த்தியதும் கொதிநீர் பீறிட்டிருக்கிறது. கழுத்து, தாடையின் வலப்பக்கம், வலக்கை முழங்கைவரை. கண் தப்பியது பெரிய காரியம் என்றார்கள் டாக்டர்கள்.

அத்தான் ஆஸ்பத்திரியில் அழுதார். நடிப்பில்லை, தோள் குலுங்க அழுதார். அக்காவின் கால்மாட்டில் நின்று போர்வையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதைப் பார்த்து, இப்போது சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எல்லாம் இதோடு முடியப்போகிறது என்று நினைத்தேன். பின்னேரம் சொந்தக்காரர்கள் பழமும் பூவுமாக வந்தார்கள். எப்படி நடந்தது என்று ஒருவர் கேட்டார். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சூட்டில மூடியைத் திறக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். கேட்டால்தானே."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை.

"நீங்கள்தான் திறக்கச் சொன்னனீங்கள், அத்தான்," என்றேன். "நான் பக்கத்தில நிண்டனான். அவள் திறக்கலாமோ எண்டு கேட்டவள். நீங்கள் திற எண்டனீங்கள்."

அத்தான் என்னைப் பார்க்காமல் வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார், "ஆறினாப் பிறகு திற எண்டுதான் சொன்னனான். ஃபோனில இவளுக்கு ஒழுங்காக் கேக்கேல்லைப் போல." கையால் கட்டிலைக் காட்டினார்.

எல்லாரும் அக்காவின் பக்கம் திரும்பினார்கள். கட்டுப்போட்ட முகத்தை அசைக்காமல் அவள் மெதுவாகச் சொன்னாள்.

"ஓம், அப்பிடித்தான் சொன்னவர். நான்தான் அவசரப்பட்டுட்டன்."

வந்தவர்கள் மூச்சுவிட்டார்கள். ஒருவர் பழம் உரிக்கத் தொடங்கினார். இன்னொருவர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போய், "கண்டபடி கதைச்சுக் குடும்பத்தைப் பிரிச்சுப்போடாதை, தங்கச்சி" என்று புத்தி சொன்னார். தாழ்வாரத்துக் கதிரையில் ஆரணி இருந்தாள். காரில் இருந்தவள் அவள். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

எல்லாரும் போனபிறகு அக்காவிடம் கேட்டேன், "ஏன் அப்பிடிச் சொன்னனீ?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆரோ ஒராள் அதை எடுக்கத்தானே வேணும். அவருக்கு எடுக்க ஏலாது."

காரை இழுத்துவந்து கராஜின் பின்பக்கம் விட்டிருந்தார்கள். அது அங்கேயே கிடந்தது. ஒருநாள் மத்தியானம், கராஜில் கூட வேலை செய்த உதவியாள் சாப்பிடப் போன நேரம், அத்தான் அதை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பொனட்டைத் தூக்கினார். தண்ணீர் ஊற்றினார். மேலே இருந்த சின்னத் திருகாணியைத் தளர்த்தினார். எஞ்சின் ஓடாத நிலையிலும் அதிலிருந்து காற்று வெளியேறியது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை, குமிழி பொங்கி வழிந்ததைக் கண்டேன். அவர் அதைப் பார்த்தபடி நின்றார். விரலால் ஒருதரம் தொட்டுப் பார்த்தார். அவர் எத்தனையோ கார்களில் கண்டுபிடித்த பிழை அது. முகத்தில் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையின் சந்தோசம் வரவில்லை. திருகாணியைத் திரும்ப இறுக்கினார். துணியால் சுற்றிவரத் துடைத்தார். பொனட்டை மெதுவாக இறக்கி, இரண்டு கையாலும் அமத்தி மூடினார்.

என் அறைக்குள் வந்தார்.

"பழைய இரும்புக்காரனுக்கு ஃபோன் எடு. வந்து தூக்கிக்கொண்டு போகச் சொல்லு."

"என்ன பிழையாம், அத்தான்?"

நான் வேண்டுமென்றுதான் கேட்டேன். அவர் தோள் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கை.

"பழசு," என்றார்.

யாருடைய பிழை என்று சொல்லாமல் அவர் அனுப்பிவைத்த ஒரே கார் அது. சுவர் ஓரத்துத் தட்டில் அதிலிருந்து ஒரு சாமானும் ஏறவில்லை.

நான் அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். ஸ்டுட்கார்ட்டில் ஒரு அலுவலகத்தில் இடம் கிடைத்தது, போய்விட்டேன். அத்தான் என்னோடு கோபித்துக்கொள்ளவில்லை. பெட்டிகளைத் தானே தன் வண்டியில் ஏற்றி, ஐந்தாறு மணித்தியாலம் ஓட்டிக்கொண்டுவந்து, மேல்மாடிவரை தூக்கி வைத்துவிட்டுத்தான் போனார். போகும்போது என் அறை ஹீட்டரைத் தொட்டுப் பார்த்து, "இது சூடாகேல்லை. வீட்டுக்காரன்ர பிழை, எழுதிக் குடு" என்றார்.

பிறகு வருடங்கள் போய்விட்டன. அத்தான் கராஜைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். ஆரணி படித்து முடித்து பிராங்பேர்ட்டில் வேலைக்குப் போனாள். அக்காவின் பிறந்தநாள் ஒன்றுக்கு நாங்கள் எல்லாரும் ஹம்மில் கூடினோம். மத்தியானச் சாப்பாடு. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த ஒரு தம்பதியையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பெண் விவரம் தெரியாமல் கேட்டுவிட்டாள்.

"அக்கா, கழுத்தில என்ன நடந்தது உங்களுக்கு?"

அக்கா சிரித்தாள். வெட்கப்படுபவள் போலச் சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுச் சொன்னாள். "அது என்ர விசர்வேலை. கார் கொதிச்சுக்கொண்டு நிக்குது. ஆறினாப் பிறகு திற எண்டு இவர் ஃபோனில படிச்சுப் படிச்சுச் சொல்லுறார். நான் கேட்டால்தானே!" சொல்லும்போது அவள் குரலில் ஒரு தடக்கலும் இல்லை. யாரையோ காப்பாற்றுகிற அவசரமும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறவளின் குரல் அது. அவள் இப்போது பொய் சொல்லவில்லை, அதை அவளே நம்பிவிட்டாள்.

"அம்மா," என்றாள் ஆரணி. "ஃபோன் ஸ்பீக்கரில இருந்தது. நீங்கள் திறக்கலாமோ எண்டு கேட்டனீங்கள். அப்பா திறக்கச் சொன்னவர். நான் பக்கத்தில நிண்டனான்."

அவள் குரலை உயர்த்தவில்லை. அந்தப் பெண்ணும் கணவனும் தட்டைப் பார்த்தார்கள்.

நான் அத்தானைப் பார்த்தேன். மெலிந்து, கைநடுக்கம் வந்து, பாதியாகிப்போயிருந்தார். கையில் எடுத்த சோற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். மகளைப் பார்த்தார். அவருடைய உதடுகள் பிரிந்தன.

"அண்டைக்கு நான்..." என்றார்.

"அவளுக்கு அப்ப பதினைஞ்சு வயசு," அக்கா முந்திக்கொண்டாள். "பயந்துபோய் நிண்டவள், என்னத்தைக் கேட்டாளோ. நீங்கள் சாப்பிடுங்கோ. சொதி விடட்டோ?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு தட்டை நீட்டினார். அவள் சொதி விட்டாள்.

ஆரணி அன்றைக்கே புறப்பட்டாள். ஸ்டேஷனுக்கு நான் கூடப் போனேன். பிளாட்பாரத்தில் நல்ல வெயில்.

"சித்தி, அப்பா சொல்ல வெளிக்கிட்டவர், என்ன?"

"ஓம். எனக்கும் அப்பிடித்தான் பட்டுது."

"அம்மா ஏன் விடேல்லை?"

ரயில் வந்தது. அவள் பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

"நான் இனி வரமாட்டன், சித்தி. கோபம் ஒண்டும் இல்லை. வந்து வந்து போனால் எனக்கும் பழகிப்போயிடும்."

அவள் சொன்னபடிதான் செய்தாள். மகள் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று கேட்கிறவர்களுக்கு அக்காவிடம் ஒரு பதில் இருக்கிறது. "நான்தான் அவளோட ஏதோ கடுமையாக் கதைச்சுப்போட்டன்." அத்தான் பக்கத்தில்தான் இருப்பார். ஓம் என்று தலையாட்டுவார்.